சாயமும் அறமும்: வன்னி மண்ணின் வேரொன்றை முன்வைத்து ஒரு சிந்தனை

பொருள்களுக்கு நாம் வழங்கும் அடைமொழிகள் சில, அப்பொருள்களின் இயல்பைக் கூறுவதோடு அமையாது அவற்றுக்கு ஓர் அறச் சான்றிதழையும் வழங்கிவிடுகின்றன. ‘இயற்கை’ என்னும் அடைமொழி இன்று அவ்வாறானதொன்று. இயற்கை உரம், இயற்கை உணவு, இயற்கை மருந்து என்னும் வரிசையில் இயற்கைச் சாயமும் இடம்பெற்றுவிட்டது. செடியின் வேரிலும் பட்டையிலும் இலையிலும் பூவிலும் இருந்து பெறும் நிறம் நல்லது, தொழிற்சாலையில் உண்டாக்கப்படும் நிறம் தீயது என்பது பலரும் ஆராயாமலே ஏற்றுக்கொண்ட கருத்தாகும். இங்கு ‘நல்லது’ என்பதன் பொருள் யாது? கண்ணுக்கு நல்லது என்பதா? தோலுக்கு நல்லது என்பதா? அன்றேல் அறத்தால் நல்லது என்பதா? முதலிரண்டும் அழகியலுக்கும் மருத்துவத்துக்கும் உரிய வினாக்கள். மூன்றாவது வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழவில்லை. எமது பீட மாணவர் நடத்திய கண்காட்சியொன்றுக்கு வன்னியின் பழைய கைத்தொழில் ஒன்றைக் காட்சிப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது எழுந்தது. எமது ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களுள் ஒன்று. 2009இல் அதனை விட்டு நீங்கியபோது எனக்கு ஏழு வயது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டு வந்தபோது எமது வளவில் எஞ்சியிருந்தவை கிணறும் சில பனைகளுமே. பழைய கருவிகளோ துணிகளோ ஏடுகளோ எவரிடமும் இருக்கவில்லை. எனவே, பழம்பொருள் எதுவும் வேண்டாத, மண்ணிலேயே இன்னும் கிடக்கின்ற ஒரு தொழிலைத் தேடினேன். அம்மம்மாவைக் கேட்டேன். நைலோன் வலை வருமுன்னர் பருத்தி வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உரமேற்றியதை அவர் நினைவுகூர்ந்தார். பின்னர், “அதுக்கும் முந்தி எங்கட மணலிலை சாயவேர் எடுத்தவையாம்” என்றார். அந்த ஒரு சொல்லே என்னை இக்கட்டுரை வரை கொண்டுவந்தது.

வேரும் அதன் நிறமும்

சாயவேர் ஒரு சிறு பூண்டு. ஒடுங்கிய இலைகளும் வெண்ணிறச் சிறு பூக்களும் உடையது. யாழ்ப்பாணம், மன்னார், வன்னி ஆகிய பகுதிகளின் மணற்றரைகளிலும் சோழமண்டலக் கரையிலும் தானாக முளைப்பது. சித்த வைத்தியர் இதனை இம்பூறல் என்பர். மேலே நிற்கும் செடியைப் பார்த்து அதன் மதிப்பை அறிதல் இயலாது. மணலுக்குள் நூல்போல நீண்டு இறங்கும் வேரின் பட்டையிலேயே அதன் மதிப்பெல்லாம் தங்கியுள்ளது. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற பூந்துணிகளின் சிவப்பு பெரும்பாலும் இவ்வேரின் சிவப்பே. பல முறை துவைத்தாலும் வெயிலிற் கிடந்தாலும் இலகுவில் மங்காத அச்சிவப்பே அத்துணிகளுக்குப் பெரும் புகழைத் தேடித்தந்தது.

வீட்டில் இச்சாயம் இடும் முறை கடினமானதன்று, பொறுமையை வேண்டுவது. வெள்ளைப் பருத்தித் துணியை முதலில் அவித்து, கஞ்சி போகக் கழுவுதல் வேண்டும். பின்னர்க் கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்துதல் வேண்டும். கடுக்காயின் துவர்ப்புப் பருத்தி இழையிற் படிந்து, அடுத்து வருவதை ஏற்க அதனை ஆயத்தப்படுத்தும். அதன் பின் சீனாக்காரம் கரைத்த நீரில் தோய்த்து மீண்டும் உலர்த்துதல் வேண்டும். இறுதியாக, இடித்த வேரை நீரிலிட்டு, துணியையும் அதனுள் அமிழ்த்தி, மெல்லிய நெருப்பிற் சிறிது சிறிதாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும்.

இம்முறையில் என் சிந்தையைப் பெரிதும் கவர்ந்தது சீனாக்காரத்தின் பங்கு. அதனை இடாத துணியில் வேரின் நிறம் சிறிது ஏறினும் நில்லாது. ஓரிரு கழுவலிற் போய்விடும். இழைக்கும் நிறத்துக்கும் இடையே நின்று இரண்டையும் பிணைப்பது அதுவே. சீனாக்காரத்துக்குப் பதிலாக அன்னபேதியை இட்டால் அதே வேர் சிவப்பைத் தராது ஊதா கலந்த கருமையைத் தரும். வேர் ஒன்றே, துணி ஒன்றே, இடையில் நிற்பது மாற, நிறம் மாறுகின்றது. இவ்வுண்மை பின்னர் எனக்கு வேறொரு வகையிற் பயன்பட்டது.

ஒரு மறுப்பு

வேரை இனங்காணக் கற்றுக்கொண்டேன். அதனை அறுபடாமல் எடுக்கும் வகை எனக்குத் தெரியவில்லை. இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். ஆழக் கிண்டினால் ஈரமற்ற மணல் சரிந்து குழியை மூடிவிடும். எமது அயலில் ஓர் அக்கா இருக்கிறார். போர் முடிந்த பின்னர் வன்னியிற் கண்ணிவெடி அகற்றும் பணியிற் சேர்ந்த பல பெண்களுள் அவரும் ஒருவர். மண்ணை விரற்கடை விரற்கடையாகப் பதம் பார்த்துக் கிளறப் பழகிய கை அவருடையது. அவரிடம் சென்றேன். வழமையான நாட்கூலியிலும் கூடுதலாகத் தருவதாகக் கூறினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “உங்கட ஆக்களுக்குத்தானே அக்கா இந்த வேரைப் பற்றி நல்லாத் தெரியும்” என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர்ச் சொன்னவற்றை என்னால் இயன்றவரை அவருடைய சொற்களிலேயே தருகின்றேன்:

“பிள்ளை, மண் கிண்டுறது எனக்கு வெட்கமில்லை. கண்ணிவெடிக்கு ஏழு வரியம் கிண்டினனான். அது நானாப் போய்க் கேட்டு எடுத்த வேலை. இது அப்பிடியில்லை. எங்கட பூட்டன் காலத்துக்கு முந்தியே இந்த வேலை போட்டுது. பேர் மட்டும் இன்னும் போகேல்லை. இப்ப நீ வந்து அந்தப் பேருக்குத் திரும்பவும் வேலை குடுக்கிறாய்.”

வீடு திரும்பும் வழியில் என் மனம் எனக்காக வாதாடியது. நான் வற்புறுத்தவில்லை, நியாயமான கூலி கூறினேன், மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது, அதனை அவர் பயன்படுத்தினார். இதில் எங்கே பிழை? இவ்வாதத்தை நெடுநேரம் நிலைநிறுத்த என்னால் முடியவில்லை. மண் கிளறும் திறனுக்காகவே அவரிடம் சென்றதாக நான் எண்ணியிருந்தேன். ஆயின் என் வாய் வேறொன்றைக் கூறியது. அவருடைய கையை நாடிச் சென்ற நான், வாசலில் நின்று அவருடைய பிறப்பைக் கூப்பிட்டேன். ஒருவரை அவர் கற்ற திறனுக்காக அழைப்பதும், அவர் பிறந்த குடிக்காக அழைப்பதும் கூலிக் கணக்கில் ஒன்றாகத் தோன்றலாம். அறக் கணக்கில் அவை இரு வேறு செயல்கள்.

நிறத்தின் பின்னே நின்றவர்கள்

அவர் கூறிய ‘பேர்’ எவ்வாறு உண்டாயிற்று என்பதை வரலாற்றிற் காணலாம். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, சாயவேரைத் தன் வருவாய்க்குரிய பொருளாகக் கண்டது. துணி வணிகம் ஆசியாவெங்கும் அக்கம்பனிக்குப் பொருள் ஈட்டிக்கொடுத்த வணிகம். துணிக்குச் சிவப்பு வேண்டும். சிவப்புக்கு வேர் வேண்டும். யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த ஹென்றிக் சுவார்டெக்குறூன் 1697இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பில் யானை வணிகத்தோடும் வரிகளோடும் சாயவேரும் ஓர் அரசிறை விடயமாக இடம்பெறுகின்றது. வேர் கிண்டிக் கொடுக்கும் கடமை எல்லோர் மீதும் சுமத்தப்படவில்லை. குறித்த சில குடிகளிற் பிறந்தவர் மீதே அது சுமத்தப்பட்டது. வேரை வாங்கியவனும் விலையை வகுத்தவனும் ஒருவனே. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் வேர் கிண்டும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் ஊழியத்தை ஒழித்தது. ஊழியத்தினின்று பிறந்த பெயரை ஒழிக்கும் வல்லமை அதற்கு இருக்கவில்லை.

இவ்விடத்தில் அந்நியர் மீது முழுப் பழியையும் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ளுதல் எளிது. ஆனால் அது உண்மையாகாது. வேரைக் கிண்டும்படி கட்டளையிட்டது கம்பனிதான். யாரைப் பார்த்து அக்கட்டளையை இடலாம் என்பதைக் கம்பனிக்குக் காட்டிக்கொடுத்தது நமது சமூகம். பிறப்பால் ஏவப்படுவோர், பிறப்பால் ஏவுவோர் என்னும் பிரிவு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. கம்பனி அதனைத் தன் கணக்கேட்டில் எழுதிக்கொண்டது.

சாயவேரின் கதை தனித்த ஒன்றன்று. நீல நிறத்தின் கதை இதனினும் கொடியது. அவுரிச் செடியின் இலையிலிருந்து பெறும் நீலம் இயற்கைச் சாயங்களின் அரசன் எனப் போற்றப்படுவது. அந்த நீலத்துக்காக வங்காள உழவர் முன்பணம் என்னும் கண்ணியில் அகப்பட்டு, நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிட நிர்ப்பந்திக்கப்பட்டனர். 1859இல் அவர்கள் மறுத்தெழுந்தனர். 1860இல் அரசு விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. அவ்வாண்டிலேயே தீனபந்து மித்திரர் அக்கொடுமையை ‘நீல் தர்ப்பண்’ என்னும் நாடகமாக்கினார். பீகாரின் சம்பாரண் பகுதியில் உழவன் தன் நிலத்தில் இருபதில் மூன்று பங்கினை அவுரிக்கு ஒதுக்க வேண்டும் என்னும் கட்டாயம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1917இல் காந்தியடிகள் அங்கு சென்ற பின்னரே, 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது நீக்கப்பட்டது. வங்காள நீலத்தில் ஒரு துளி இரசாயனமும் கலந்திருக்கவில்லை. அது முற்றிலும் இயற்கையானது. ஆயின் அதனை அறத்தால் நல்லதென்று கூற யார் துணிவர்?

இதுவரை கூறியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. ‘இயற்கை’ என்பது ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் கூறும் சொல். அது எவ்வாறு வந்தது, யாருடைய முதுகில் ஏறி வந்தது என்பவற்றை அச்சொல் கூறுவதில்லை.

தொழிற்சாலை விடுவித்ததா?

அங்ஙனமாயின், செயற்கைச் சாயமே விடுதலையைத் தந்தது என்று கூறலாமா? இவ்வாதத்துக்கு வலுவுண்டு, அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. சாயவேரிலும் ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலும் உள்ள முக்கியமான சிவப்புப் பொருளின் பெயர் அலிசரின். 1868இல் கார்ல் கிறேபே, கார்ல் லீபர்மன் என்னும் யேர்மனிய இரசாயனவியலாளர் இருவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளொன்றைக் கொண்டு இதே அலிசரினை ஆய்வுகூடத்தில் உண்டாக்கினர். அடுத்த ஆண்டிலேயே அது தொழிற்சாலைக்கு உரியதாயிற்று. வேரில் உள்ள அலிசரினுக்கும் ஆலையில் உண்டான அலிசரினுக்கும் இரசாயன அமைப்பில் வேறுபாடு இல்லை. மலிவான ஆலைச் சிவப்பு வந்ததும் பிரான்சின் தென்பகுதியில் மஞ்சிட்டி பயிரிட்டோர் நிலைகுலைந்தனர். நமது கரையிலும் சாயவேரைக் கேட்பார் இல்லாதுபோயிற்று. யேர்மனியக் கம்பனியொன்று 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவுரி வயல்களுக்கும் அதே கதி நேர்ந்தது.

எந்தச் சீர்திருத்தவாதியும் செய்யாத ஒன்றை ஒரு சோதனைக்குழாய் செய்தது என்று ஒருவர் வாதிக்கலாம். வேரே வேண்டாம் என்றானபின் வேர் கிண்டுவோரை யார் ஏவுவர்? ஆயினும் தேவையற்றுப் போவதும் விடுதலை பெறுவதும் ஒன்றாகா. ஏவுவோர் நாளை வேறொரு வேலைக்கு ஏவுவர். ஏவும் உரிமை அவர்களிடமே எஞ்சியிருக்கும். அந்த அக்கா கூறியதும் இதுவே. வேலை போயிற்று, பேர் போகவில்லை.

மேலும், ஆலைச் சாயமும் தனக்கென ஒரு கடனை விட்டுச் செல்கின்றது. தமிழ்நாட்டின் திருப்பூரில் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றிற் கலந்ததை அறியாதார் இலர். அவ்வாற்றின் குறுக்கே பாசனத்துக்கெனக் கட்டப்பட்டு 1992இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, காலப்போக்கிற் சாயக் கழிவு தேங்கும் குளமாயிற்று. அந்நீரை வயலுக்குப் பாய்ச்ச முடியாதென உழவர் வழக்காட நேர்ந்தது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பகுதிச் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. பட்டறைகள் மூடப்பட்டபோது அங்கு கூலிக்கு உழைத்தோர் வேலையிழந்தனர். திறந்திருந்தால் உழவனுக்குக் கேடு. மூடினால் தொழிலாளிக்குக் கேடு. இயற்கைச் சாயத்தில் மனிதன் மீது ஏறிய சுமை செயற்கைச் சாயத்தில் ஆற்றின் மீதும், ஆற்றின் வழியே மீண்டும் மனிதன் மீதும் ஏறியது.

கார்ல் மார்க்சின் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்தது 1867இல். அலிசரின் ஆய்வுகூடத்திற் பிறந்ததற்குச் சரியாக ஓராண்டு முன்பு. சந்தைக்கு வரும் பண்டம் அதனை உண்டாக்கிய மனிதரிடையேயான உறவை மறைத்து நிற்கின்றது என்பது அந்நூலின் முதன்மையான கருத்துக்களுள் ஒன்று. நிறத்துக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். துணியிற் காணும் சிவப்பில் வேர் கிண்டியவரின் நகக்கண் தெரிவதில்லை, ஆறு தெரிவதில்லை. ‘இயற்கைச் சாயம்’ என்னும் விளம்பர அட்டை அம்மறைப்பை நீக்குவதற்குப் பதிலாக, அதன் மேல் இன்னொரு திரையைத் தொங்கவிடுதலும் கூடும்.

மூன்று வினாக்கள்

சாயத்தின் அறம் வேரிலும் இல்லை, தாரிலும் இல்லையெனின் எங்குள்ளது? இவ்விடத்திற் சீனாக்காரத்தை மீண்டும் நினைவுகூர்கின்றேன். வேரும் துணியும் மாறாதிருக்க, இடையில் நிற்பது மாறியதால் நிறம் மாறியது. அதுபோலவே, ஒரே வேரைப் பல காலத்திற் பலர் கிண்டினர். அவர்களுக்கும் அவ்வேருக்கும் இடையே நின்ற உறவே அச்செயலுக்கு அறத்தின் நிறத்தையோ அறமின்மையின் நிறத்தையோ தந்தது. ஆகவே நாம் வினவ வேண்டியது அவ்வுறவைப் பற்றியே. அவ்வினாக்கள் மூன்று என நான் கருதுகின்றேன்.

முதலாவது: இதனைச் செய்தவர் செய்யமாட்டேன் என்று கூறக்கூடிய நிலையில் இருந்தாரா? இரண்டாவது: இதனாற் கிடைத்த பொருளிலும் புகழிலும் அவருக்குப் பங்கு உண்டா? மூன்றாவது: செய்து முடித்த பின்னர் மண்ணும் நீரும் எந்நிலையில் விடப்பட்டன?

இரண்டாவது வினாவில் ‘புகழ்’ என்று நான் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 1742இல் சோழமண்டலக் கரையிற் பணியாற்றிய கேர்டூ என்னும் பிரெஞ்சு யேசு சபைத் துறவி, சாயத் தொழிலிற் கைதேர்ந்த உள்ளூர்க் கிறித்தவரிடம் கேட்டறிந்து, பூந்துணிக்குச் சாயமிடும் முறையைக் கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கடுக்காயையும் எருமைப் பாலையும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்துவது முதற்கொண்டு பல நுட்பங்களை அக்கடிதம் கூறுகின்றது. இன்று சாயத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் போற்றுவது அத்துறவியின் பெயரையே. அவருக்குக் கற்பித்தவர் ‘உள்ளூர்த் தொழிலாளர்’ என்னும் பொதுச் சொல்லுக்குள் மறைந்துபோயினர். பொருளைப் பறித்தல் ஒரு களவு. அறிவைப் பெற்றுப் பெயரை மறத்தல் இன்னொரு களவு.

முதல் வினாவுக்கு எதிராக வலுவானதொரு மறுப்பு உண்டு. ‘மறுக்கும் நிலை’ என்கின்றீர்களே, வறியவர் எதனைத்தான் மறுக்க முடியும்? அந்த அக்கா கண்ணிவெடி அகற்றச் சென்றதும் விருப்பத்தாலா, வயிற்றுப்பாட்டாலா? உயிராபத்து மிக்க வேலையொன்றை ‘நானாப் போய்க் கேட்டு எடுத்தது’ என்று ஒருவர் கூறுவதைக் கொண்டு அதனைச் சுதந்திரம் என்று கூறிவிடலாமா? இவ்வினாவை என்னால் முழுமையாக விடுவிக்க முடியவில்லை. போருக்குப் பின் குடும்பத்தைத் தனித்துத் தாங்கிய ஒரு பெண்ணின் தெரிவு, பல வாயில்களும் திறந்திருந்த ஒருவரின் தெரிவு போன்றதன்று. ஆயினும் அவரே வற்புறுத்திய வேறுபாட்டை நாம் துடைத்தெறிதல் தகாது. கண்ணிவெடிப் பணியில் அவர் தம் பெயரைக் கொடுத்துச் சேர்ந்தார், பயிற்சி பெற்றார், ஏழு ஆண்டுகளின் பின் போதும் என்று விலகினார். அவ்வேலை அவருடைய மகளுக்கு முதுசமாகச் சென்று சேரவில்லை. வேர் கிண்டியவர்க்கோ தொடக்கமும் இல்லை, விலகலும் இல்லை. வறுமை தெரிவுகளைக் குறைக்கின்றது. பிறப்பின் பெயரால் ஏவுதல், தெரிந்தெடுப்பவர் என்னும் தகுதியையே ஒருவரிடமிருந்து பறித்துவிடுகின்றது. இரண்டும் தீமைகளே, இரண்டாவது மனிதனைக் கருவியாக்கும் தீமை. எந்த மனிதனையும் வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று காண்ட் வகுத்த விதியின் பொருளை நான் பாடக்குறிப்பில் எழுதி மனனஞ் செய்திருந்தேன். அதன் பொருள் விளங்கியது அந்த அக்காவின் வாசலிலேதான்.

இன்னொரு மறுப்பும் உண்டு. இத்தகைய கறை படிந்த வரலாறு உடைய வேரைத் தொடாமலே விட்டுவிட்டால் என்ன? இக்கருத்தை நான் ஏற்கவில்லை. வேருக்குச் சாதி இல்லை. மணலில் முளைத்தது அதன் குற்றமன்று. கட்டாயத்தால் செய்யப்பட்டது என்பதற்காக ஒரு கலையையே கைவிடுவோமாயின், கட்டாயப்படுத்தப்பட்டவர் அக்கட்டாயத்துக்குள்ளும் வளர்த்தெடுத்த நுண்ணறிவையும் கைவிட்டவராவோம். கைவிட வேண்டியது ஏவுதலை, அறிவையன்று.

வீட்டில் ஒரு பானையில் இடும் சாயத்துக்கு இங்குதான் ஒரு பெறுமதி உண்டு. அது உலகுக்கு ஆடை தரப்போவதில்லை. திருப்பூரின் சிக்கலையும் தீர்க்கப்போவதில்லை. பேராளவில் இயற்கைச் சாயம் இடப் புகுந்தால் வேருக்காகத் தரைகள் மொட்டையாகும். மலிந்த கூலிக்கு யாரேனும் ஏவப்படுவர். சிறு பானையின் பெறுமதி அதன் தூய்மையில் இல்லை. நிறத்துக்கும் உழைப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அது ஒரு வளவுக்குள் அடக்கிவிடுகின்றது. வேரைத் தானே கிண்டுபவருக்கு ஒரு முழச் சிவப்பின் விலை என்னவென்று முதுகும் முழங்காலும் சொல்லிக்கொடுக்கும். அதன் பின் கடையில் மலிவாகத் தொங்கும் சிவப்பைக் காணும்போது, இவ்வளவு மலிவு எவ்வாறு இயன்றது என்று அவர் வினவாதிருத்தல் அரிது.

அட்டையில் எழுதியது

மறுநாள் நானே கிண்டினேன். காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை கிண்டியும் கிடைத்தது ஒரு பிடி வேர். அதிலும் பாதி அறுந்தவை. மூன்றாம் நாள் அந்த அக்கா கடற்கரைக்குச் செல்லும் வழியில் நின்று பார்த்தார். “உப்பிடி இழுத்தா அறும். மணலை ஈரமாக்கி, பக்கத்தாலை வா” என்றார். நான் அழைக்கவில்லை, அவர் குந்தியிருந்து ஒரு வேரை முழுமையாக எடுத்துக் காட்டிவிட்டுச் சென்றார். அதனை மன்னிப்பு என்று நான் கருதிக்கொள்ளவில்லை. தவறாகச் செய்யப்படும் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாத தொழிலாளியின் இயல்பு அது.

சேர்ந்த வேரைக் கொண்டு ஒரு கைக்குட்டைக்கே சாயமிட முடிந்தது. சிவப்பு என்று துணிந்து கூற முடியாது. செங்கற் பொடியின் நிறம். கண்காட்சிக்கு அதனைக் கொண்டுசெல்லுமுன் அதன் கீழே வைக்க வேண்டிய அட்டையைப் பற்றிய சிக்கல் எழுந்தது. ‘வன்னியின் பாரம்பரியச் சாயம்’ என்று எழுதுவதே வழமை. ஆயின் யாருடைய பாரம்பரியம்? கிண்டியவரின் பாரம்பரியமா, கிண்டுவித்தவரின் பாரம்பரியமா? பழமையைப் போற்றும் சொற்களால் கட்டாயத்தை மூடுதல் பொய்யாகும். எனவே வேர் கிண்டிய குடியின் பெயரைக் குறிப்பிட்டு உண்மையை எழுத எண்ணி, அந்த அக்காவிடம் கேட்டேன்.

“அந்தப் பேரை எழுதாதை பிள்ளை. அதை வாசிக்கிறவை வரலாறெண்டு வாசிக்கமாட்டினம்” என்றார்.

இது நூல்களில் விடை தேட முடியாத சிக்கலாக எனக்குத் தோன்றியது. பெயரை எழுதினால் உயிரோடிருப்பவர் மீது பழைய சாயம் மீண்டும் ஏறும். எழுதாவிடின் அவர்களுடைய முன்னோர் பட்டது மறைந்துபோகும். உண்மை ஒரு பக்கம் இழுக்க, மானம் மறுபக்கம் இழுத்தது. நெடுநேரச் சிந்தனையின் பின் ஒரு முடிவுக்கு வந்தேன். கட்டாயத்துக்கு உட்பட்டவர் பெயரை எழுதாது, கட்டாயப்படுத்தியோர் பெயரை எழுதுவது என்பதே அது. வெட்கப்பட வேண்டியவர் யாரோ அவர் பெயரே அட்டையில் இருத்தல் தகும். ஆகவே பின்வருமாறு எழுதினேன்:

“சாயவேர். முல்லைத்தீவு மணல். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தக் கம்பனி இவ்வேரைக் கட்டாயத்தின் பேரில் கிண்டுவித்தது. யாரைக் கட்டாயப்படுத்தலாம் என்பதை நமது சமூகம் காட்டிக்கொடுத்தது. இத்துணிக்கான வேரைக் கிண்டியவர் இக்கண்காட்சியின் மாணவி. கிண்டும் முறையைக் கற்பித்தவர் தம் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை.”

பார்க்க வந்தோரிற் பலர் துணியைப் பார்த்துவிட்டுச் சென்றனர். சிலர் அட்டையைப் படித்தனர். விரிவுரையாளர் ஒருவர், ‘நமது சமூகம்’ என்பது மிகையல்லவா என்று கேட்டார். மிகையன்று என்றே இன்றும் கருதுகின்றேன். இக்கட்டுரையிலும் அப்பெயர் எவ்விடத்தும் குறிப்பிடப்படாமைக்குக் காரணம் இதுவே. வாசகர் அதனைக் குறையாகக் கருதின், அக்குறையை விரும்பியே ஏற்கின்றேன்.

கைக்குட்டை இப்போது அம்மம்மாவிடம் உள்ளது. ஆறேழு முறை துவைத்தாயிற்று. சிறிது வெளிறியிருக்கின்றது, முற்றாகப் போகவில்லை.